தபால்பெட்டிக்கு இந்தப் பக்கம்: எழுத்தாளர்களைப் பற்றிப் படம் எடுக்கப்போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இளம் இயக்குநர்களுக்கு,

வணக்கம். உங்களில் யாரையும் எனக்கு நேரில் தெரியாது. ஆனால் நீங்கள் எடுக்கப்போகும் படத்தின் முதல் காட்சி தெரியும். இரவு. மேசை விளக்கு. ஓர் இளைஞன் எழுதுகிறான், கிழிக்கிறான், கசக்கி எறிகிறான். குப்பைக்கூடை நிரம்பி வழிகிறது, சாம்பல் கிண்ணமும் வழிகிறது. சன்னலுக்கு வெளியே மழை பெய்தே ஆக வேண்டும். பியானோ இல்லாமல் தீராது. இப்போதெல்லாம் யார் சார் தாளில் எழுதுகிறார்கள் என்று உதவி இயக்குநர் கேட்டதும் தாள் போய் மடிக்கணினி வரும். வெள்ளைத் திரையில் ஒரு கோடு மட்டும் மினுக் மினுக்கென்று துடிக்கும்.

நான் பதினெட்டு வருடமாக மெய்ப்புப் பார்க்கிறவன், அதாவது புத்தகம் அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துகிறவன். எழுதுகிறவர்களோடு அன்றாடம் மல்லுக்கட்டுகிற தொழில். எழுதியதைக் கசக்கி எறிந்த ஆள் ஒருவரைக்கூட இதுவரை பார்த்ததில்லை. எறிய மனசு வராதவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். அதிலும் முதல் புத்தகக்காரர் என்றால் ஒரு காற்புள்ளியைக்கூட விட்டுத்தர மாட்டார்.

அதனால்தான் இந்த மடல். உங்களிடம் முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான்: எழுதுவதைப் படம்பிடிக்காதீர்கள். ஒருவன் குனிந்து உட்கார்ந்திருப்பதில் பார்க்க ஒன்றுமில்லை. எழுதி முடித்து, அனுப்பிவிட்டு, இனி என்ன என்று நிற்கிறானே, அந்த நேரத்தைப் படம்பிடியுங்கள். முழுப் படத்துக்கும் அது தாங்கும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 2006-இல் நார்வேயிலிருந்து 'ரிப்ரீஸ்' என்று ஒரு படம் வந்தது. இயக்கியவர் யோவாகிம் த்ரியர். அவருக்கு அது முதல் முழுநீளப் படம். நண்பர் எஸ்கில் வோக்டும் அவரும் சேர்ந்து எழுதியது. இருவருமே 1974-இல் பிறந்தவர்கள். படம் வந்தபோது முப்பதைத் தாண்டிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. இருபதுகளைப் பற்றிப் பேச அது தோதான தூரம் என்று நினைக்கிறேன். காயம் ஆறியிருக்கும், ஆனால் தழும்பு எங்கே என்று கை தானாகவே போய்த் தடவும்.

படம் ஒரு தபால்பெட்டியின் முன்னால் தொடங்குகிறது. ஆஸ்லோ நகரம். ஃபிலிப், எரிக் என்று இரண்டு நண்பர்கள். இருவர் கையிலும் முதல் நாவலின் கையெழுத்துப்படி, உறையிலிட்டு ஒட்டித் தயாராக. போடுவதா வேண்டாமா என்ற அந்த நொடியில் ஒரு கதைசொல்லியின் குரல் நுழைகிறது. இனி இவர்களுக்கு என்னவெல்லாம் நடக்கும் என்று மளமளவென்று சொல்லத் தொடங்குகிறது. புத்தகங்கள் வரும், பேசப்படும், காதல் வரும், முறியும், ஊரை விட்டுப் போவார்கள், நொந்து போவார்கள், திரும்பி வருவார்கள். ஒரு முழு வாழ்க்கை சில நிமிடங்களில் ஓடி முடிகிறது. பார்த்தால் உறை இன்னும் கையிலேயே இருக்கிறது. அப்புறம்தான் நிஜத்தில் என்ன நடந்தது என்ற கதை. ஃபிலிப்பின் நாவல் ஏற்கப்படுகிறது. எரிக்கினுடையது திரும்பி வருகிறது.

இதை முதல்முறை பார்த்தபோது எனக்குத் தோன்றியது சினிமா சம்பந்தப்பட்டதே இல்லை, இலக்கணம். தமிழில் 'எழுதியிருப்பான்' என்றால் இரண்டு அர்த்தம். 'இந்நேரம் எழுதியிருப்பான்' என்றால் எழுதிவிட்டான் என்கிற ஊகம். 'நேரம் கிடைத்திருந்தால் எழுதியிருப்பான்' என்றால் எழுதவே இல்லை. சொல் ஒன்றுதான். நடந்தது, நடக்காதது இரண்டும் அதற்குள் அடக்கம். தான் எந்த 'இருப்பானில்' இருக்கிறோம் என்று தெரியாமல் திரிகிற பருவம்தான் இருபது வயது. 'ரிப்ரீஸ்' முழுக்கவே அந்த வினைமுற்றில் எடுக்கப்பட்ட படம். நடுநடுவே கதை தடம் மாறும், அந்தக் குரல் ஒரு கிளைக்கதைக்குள் ஓடும், பழைய நாளைக் கிளறும், வராத நாளைக் காட்டும், பிறகு ஒன்றுமே நடக்காதது போல விட்ட இடத்துக்கு வந்து நிற்கும்.

ஸ்டைலான படம் என்பார்கள். பாராட்டாகச் சொல்பவர்களும் உண்டு. வெறும் ஸ்டைல்தானே என்று உதட்டைச் சுழிப்பவர்களும் உண்டு. வெட்டு, தாவல், பங்க் இசை, கதைசொல்லியின் குரல், எல்லாம் காட்டிக்கொள்வதற்காக என்று அவர்கள் சொல்வார்கள். ஆமாம், காட்டிக்கொள்வதற்காகத்தான். யார் காட்டிக்கொள்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா? இருபத்துமூன்று வயதில் நாவல் எழுதுகிறவன் தன் வாழ்க்கையைத் தானே மூன்றாம் மனிதரைப் போலச் சொல்லிப் பார்க்கிறவன். தெருவில் நடக்கும்போதே தலைக்குள் ஒரு குரல் அவனுடைய வாழ்க்கை வரலாற்றை வாசித்துக்கொண்டிருக்கும். அந்தக் குரலைத்தான் த்ரியர் வெளியே கேட்கும்படி வைத்துவிட்டார். அந்தப் பகட்டு அந்தப் பையன்களுடையது. கேமரா அவர்களிடமிருந்து கடன் வாங்கியிருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் படத்தில் நீங்கள் போடுகிற ஒவ்வொரு வித்தையும் கதாபாத்திரத்தின் தலைக்குள்ளிருந்து வருகிறதா, அல்லது நீங்கள் பார்த்த வேறு படங்களிலிருந்து வருகிறதா என்று மட்டும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் ஒரு குடும்பச் செய்தி. த்ரியரின் தாத்தா எரிக் லோஹன் என்பவரும் இயக்குநர், ஜாஸ் இசைக்காரர் வேறு. 1972-இல் அவர் எடுத்த ஒரு படத்துக்கு ஐந்து சுருள்கள். எந்தச் சுருளை முதலில் ஓட்டினாலும், எந்த வரிசையில் மாற்றிப் போட்டாலும் படம் ஓடும்படி அமைத்திருந்தார். கணக்குப் போட்டால் 120 விதமாகப் பார்க்கலாம். தாத்தா சுருள்களில் செய்ததைப் பேரன் வாக்கியத்தில் செய்திருக்கிறார் என்று எனக்குப் படும். சின்ன வயதில் த்ரியர் சறுக்குப்பலகையில் நார்வே அளவில் சாம்பியனாக இருந்தவர் என்பதும் இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. விழுவதைப் பற்றி அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். தபால்பெட்டிக் காட்சி என்னை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டது என்று சொன்னால்தான் மற்றது விளங்கும்.

எனக்கும் ஒரு நண்பன் இருந்தான். இருபத்திரண்டு வயது. இருவருமே நாவல் எழுதினோம். இருவரும் ஒரே நாளில், ஒரே பதிப்பகத்துக்கு, ஒரே அஞ்சலகத்திலிருந்து அனுப்பினோம். எடை போட்டதில் என்னுடையது கொஞ்சம் கனம் கூட. அதில் எனக்கு ஒரு பெருமை இருந்ததை இன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. நாலு மாதம் கழித்து அவனுக்குக் கடிதம் வந்தது. போனில் சொன்னான். வீட்டில் துக்கம் நடந்தது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். 'ரொம்ப சந்தோஷம்டா' என்றேன். நன்றாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். எனக்கு வந்த கடிதம் மூன்று வரி. தங்கள் நாவலை ஆர்வத்தோடு வாசித்தோம் என்று தொடங்கியது. அதில் குறிப்பிட்டிருந்த தலைப்பு என் நாவலுடையது இல்லை. வேறு யாருடைய நாவலையோ ஆர்வத்தோடு வாசித்திருக்கிறார்கள்.

நண்பனின் புத்தகம் அச்சாகி வந்தது. அன்று ராத்திரியே உட்கார்ந்து வாசித்தேன். நாவல் எப்படி என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. நான் பார்த்தது பிழைகளை. ஒற்று விட்ட இடம், ர-ற மாறிய இடம், ஒரு பக்கத்தில் சித்தப்பாவாக இருந்தவர் அடுத்த பக்கத்தில் பெரியப்பாவான இடம். ஒவ்வொன்றும் கிடைக்கக் கிடைக்க அப்படி ஒரு ஆனந்தம். பட்டியல் போட்டு, அக்கறையுள்ள நண்பனாக அவனிடம் கொடுத்தேன். அவன் கள்ளமில்லாமல் அதைப் பதிப்பகத்தில் காட்டியிருக்கிறான். அடுத்த புத்தகத்துக்கு அவரையே பார்க்கச் சொல்லுங்களேன் என்றார்களாம். நான் தொழிலுக்கு வந்தது இப்படித்தான். பொறாமையால் சோறு கிடைத்த ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எழுதுகிற இரண்டு நண்பர்களுக்கு நடுவில் இருக்கிற அந்த விஷயம் சினிமாவில் எப்போதும் தப்பாகவே வருகிறது. ஒன்று, நெஞ்சைத் தொடும் தியாகம். இல்லையென்றால் முதுகில் குத்துகிற துரோகம். 'ரிப்ரீஸில்' இரண்டும் இல்லை. ஃபிலிப்பின் புத்தகம் வந்து பேசப்படுகிறது. சில மாதங்களில் அவனுக்கு மனநிலை குலைந்து மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாகிறது. நண்பர்கள் போய் அழைத்து வருகிறார்கள். காரில் என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை, அதனால் கிண்டலடிக்கிறார்கள். இதற்கிடையில் எரிக் தன் நாவலோடு திரும்பவும் மல்லுக்கட்டி, அதுவும் ஏற்கப்படுகிறது. முந்தியவன் நின்றுவிட்டான், பிந்தியவன் வந்து சேர்கிறான். யார் யாரைப் பார்த்துப் பொறாமைப்படுவது? எரிக்குக்குத் தன் சந்தோஷத்தை எந்த முகத்தோடு அவனிடம் சொல்வது என்று தெரியவில்லை. என் நண்பன் போனில் தாழ்த்திய அதே குரல்.

நோயைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். உங்களில் சிலருக்கு எழுத்தாளனுக்குப் பித்துப் பிடிப்பது அழகாகத் தெரிகிறது. மேதைமையின் சாட்சிக் கையெழுத்து மாதிரி அதை வைத்துவிடுகிறீர்கள். கண் சிவக்கும், சுவரெல்லாம் எழுதுவான், கடைசியில் ஒரு மகத்தான பிரதி பிறக்கும். த்ரியர் அதைச் செய்யவில்லை. ஃபிலிப்பின் நோயால் ஒரு வரி இலக்கியம்கூடக் கூடுதலாக விளையவில்லை. அது அவனைச் சுற்றியிருப்பவர்களைச் சங்கடப்படுத்துகிறது, அவனை மந்தமாக்குகிறது, எழுத விடாமல் செய்கிறது. ஃபிலிப்பாக நடித்த ஆன்டர்ஸ் டேனியல்சன் லீ மருத்துவம் படித்தவர், ஆஸ்லோவில் மருத்துவராக வேலையும் பார்த்தவர். அது காரணமாக இருக்குமா, சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்த நடிப்பில் வியாதி அலங்காரமாக ஓரிடத்திலும் மாறவில்லை. நோயாளி எப்படி உட்கார்வான் என்பதைப் பார்த்தவர் உட்கார்வது போல உட்கார்ந்திருக்கிறார்.

இந்தப் படத்துக்கு 116 வருடம் முன்னால் இதே ஊரில் இன்னொரு இளம் எழுத்தாளன் திரிந்தான். அப்போது ஊருக்குப் பெயர் கிறிஸ்டியானியா. 1890-இல் வந்த க்னூட் ஹாம்சனின் 'பசி' நாவலின் நாயகன் அவன். பெயர் தெரியாது, சாப்பாடு கிடையாது. உடுப்பை அடகு வைத்துக் கிடைத்த காசில் பிச்சைக்காரனுக்குக் கொடுப்பான், பிறகு தான் பட்டினி கிடப்பான். பத்திரிகைக்குக் கட்டுரை எழுதி அந்தக் காசில் சாப்பிடப் பார்ப்பான். 1966-இல் ஹென்னிங் கார்ல்சன் அதைப் படமாக்கினார். நாயகனாக நடித்த பெர் ஆஸ்கர்சனுக்குக் கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. ஹாம்சன் பிற்காலத்தில் நாஜிகளுக்குக் கொடி பிடித்தது தீராத அசிங்கம். ஆனால் அந்தப் பசி பொய்யில்லை.

'ரிப்ரீஸ்' பையன்களுக்கு வயிற்றில் பசி இல்லை. இடையில் என்ன நடந்தது? நிறைய நடந்தது. அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அது எங்கள் பிழைப்பு சம்பந்தப்பட்டது. 1965-இல் நார்வே அரசு ஒரு திட்டம் தொடங்கியது. புதிதாக வருகிற நார்வே இலக்கிய நூல்களை, தகுதி பார்த்து, தொடக்கத்தில் ஒரு நூலுக்கு 1000 பிரதிகள் என்று வாங்கி நூலகங்களுக்குக் கொடுத்தார்கள். திட்டம் இன்றும் தொடர்கிறது. முதல் நாவல் போடுகிற பதிப்பாளருக்கு இதைவிடத் தெம்பு வேறென்ன? எரிக், ஃபிலிப் மாதிரி இரண்டு பொடியன்கள் உறையைப் போட்டுவிட்டுக் கனவு காண்பதற்குப் பின்னால் இப்படி ஒரு தரை இருக்கிறது. படம் அதைப் பேசவில்லை, பேச வேண்டியதுமில்லை. ஆனால் நீங்கள் படமெடுக்கும்போது உங்கள் எழுத்தாளன் எதைத் தின்று எழுதுகிறான் என்பது உங்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும். அறை வாடகையை யார் கொடுக்கிறார்கள் என்று தெரியாத எழுத்தாளன் திரையில் நடமாடினால் எனக்குக் கவனம் அங்கேயே நின்றுவிடும்.

வயிற்றுப் பசி போனால் தலைக்கு ஏறுகிறது. இந்தப் பையன்களுக்கு வேண்டியது புகழ்கூட இல்லை. அவர்களுக்குக் கடவுள் போல ஓர் எழுத்தாளர் இருக்கிறார், ஸ்டென் எகில் டால் என்று கற்பனைப் பாத்திரம். யாரையும் பார்க்காதவர், பேட்டி கொடுக்காதவர். 1995-இல் மறைந்த டோர் உல்வன் என்ற நார்வே எழுத்தாளரின் சாயல் அவரிடம் உண்டு என்று பலரும் சொல்வார்கள். டாலைத் தூரத்திலிருந்து பார்ப்பதே இவர்களுக்குத் திருவிழா. நமக்கு வேண்டியது அந்த ஒருவரின் ஒரு வார்த்தை, அது கிடைத்துவிட்டால் மற்ற உலகம் எப்படிப் போனால் என்ன என்ற மனசு. இந்த ஆசையைப் படம் கேலி செய்கிறது, கூடவே மரியாதையும் செய்கிறது. கம்பன் தன்னைப் பாற்கடலை நக்கித் தீர்க்கப் புறப்பட்ட பூனை என்றான். அது காவியம் கைவசம் இருக்கிறவன் சொல்லும் அவையடக்கம். இருபத்துமூன்று வயதில் யாருக்கும் அது வராது. பூனைக்குத் தான் பூனை என்பதே அப்போது தெரியாதே.

எரிக் தன் நாவலுக்கு வைத்திருக்கும் தலைப்பைக் கேளுங்கள்: 'ப்ரோசோபொபேயா'. இல்லாதவர்களுக்கும், பேசாத பொருள்களுக்கும் பேச்சைக் கொடுக்கிற அணிக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயர். நமக்கும் புதிதில்லை. கேட்பது போலவும் பேசுவது போலவும் அஃறிணையைச் சொல்லலாம் என்று நன்னூலிலேயே இடம் இருக்கிறது. ஆனால் முதல் நாவலுக்கு இந்தத் தலைப்பு! அரங்கில் நான் ஒருவன்தான் சத்தமாகச் சிரித்தேன். இந்த வகைத் தலைப்புகளை வருடத்துக்கு நாலைந்தாவது மெய்ப்பில் பார்க்கிறேன். எல்லாமே அகராதியில் கடைசியாகத் தேடிய சொல்லாக இருக்கும். அந்த நாவலிலிருந்து படம் நமக்கு நீளமாக எதையும் வாசித்துக் காட்டவில்லை என்பது கெட்டிக்காரத்தனம். தலைப்பு ஒன்றே போதும், அந்தப் பையனின் நூலகமும் அவனுடைய பயமும் தெரிந்துவிடும். திரையில் கவிதை வாசித்து, கேட்பவர்கள் கண்ணைத் துடைப்பது போல எடுக்கிற பழக்கத்தை நீங்களும் தயவுசெய்து விடுங்கள். நல்ல கவிதையாக இருக்காது, நாங்கள் அழவும் மாட்டோம்.

எரிக் தொலைக்காட்சிப் பேட்டிக்குப் போகிற இடம் எனக்குப் பிடித்தமானது. கனவில் ஆயிரம் தடவை கொடுத்துப் பழகிய பேட்டி அது. நிஜத்தில் திணறுகிறான். இதற்கு மேல் விவரிக்க எனக்குத் தைரியம் இல்லை, உள்ளங்கை வியர்க்கிறது.

இப்போது குறை. எனக்கு இந்தப் படத்தின் மேல் காதல் என்றாலும் குருட்டுக் காதல் இல்லை. அந்த நண்பர் கூட்டத்தில் பெண்களின் ரசனையை மட்டம் தட்டி உரை நிகழ்த்துகிற ஒருவன் இருக்கிறான். அவன் பேச்சு அபத்தம் என்று படத்துக்கே தெரியும், சரி. ஆனால் ஃபிலிப்பின் காதலி காரியும் எரிக்கின் தோழி லில்லியனும் இந்தப் பையன்கள் வளர்வதற்கான அளவுகோல்களாகத்தான் பெரும்பாலும் நிற்கிறார்கள். எழுத்துக்கு இடைஞ்சலாக இருப்பாளோ என்று எரிக் தன் தோழியை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறான். அவள் என்ன யோசித்தாள் என்று படம் போய்ப் பார்க்கவில்லை. காரி எழுதினால் என்ன எழுதியிருப்பாள்? எழுத ஆசைப்படும் பெண் ஏன் அந்தத் தபால்பெட்டி முன்னால் நிற்கவில்லை? த்ரியருக்கே இது உறுத்தியிருக்கலாம். இதே ஆஸ்லோவில் அவர் எடுத்த மூன்று படங்களைச் சேர்த்து முத்தொகுதி என்கிறார்கள்; 2011-இல் வந்தது இரண்டாவது, 2021-இல் வந்தது மூன்றாவது. மூன்றாவதில் நடுவில் நிற்பது ஒரு பெண். என்ன ஆகப்போகிறோம் என்று தெரியாமல் படிப்பை மாற்றி, ஆளை மாற்றி, நடுவில் கொஞ்சம் எழுதியும் பார்க்கிறவள். பதினைந்து வருடம் ஆகியிருக்கிறது அந்த இடத்துக்கு வர. நீங்கள் முதல் படத்திலேயே வந்துவிடலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

ஆனால் காரி வருகிற ஒரு பகுதி இருக்கிறது, அதற்காக நான் எதையும் மன்னிப்பேன். நோய் வருவதற்கு முன்னால் ஃபிலிப்பும் காரியும் பாரிஸுக்குப் போயிருந்தார்கள். காதல் கொடி கட்டிப் பறந்த நாட்கள். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அவன் அவளைத் திரும்பவும் அங்கே அழைத்துப் போகிறான். அதே இடங்களுக்குப் போகிறார்கள். முன்பு எடுத்த படத்தில் அவள் எப்படி இருந்தாளோ அப்படியே இருக்கச் சொல்லி மறுபடி படம் எடுக்கிறான். தலையை இப்படித் திருப்பு, கையை அங்கே வை. அவள் செய்கிறாள். கொஞ்சம் கொஞ்சமாக அவளுடைய முகத்தில் என்னவோ இறங்குகிறது. தன்னைப் பார்க்கவில்லை, தனக்குள் இருந்த பழைய ஒருத்தியைத் தேடுகிறான் என்று அவளுக்குப் புரிந்துவிடுகிறது. இசையில் முன்பு வந்த பகுதி திரும்ப வருவதற்குத்தான் ரிப்ரீஸ் என்று பெயர். பாட்டில் அது சுகம். வாழ்க்கையில் அதைச் செய்ய முயல்கிறவனைப் பார்க்க முடியவில்லை.

எழுத்தாளனின் நோய் என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். பக்கத்தில் இருக்கிற மனிதரை ஏற்கெனவே எழுதி முடித்த பிரதியோடு ஒப்பிட்டுத் திருத்தப் பார்ப்பது. நானே அதைச் செய்திருக்கிறேன், மெய்ப்புப் பார்க்கிற பழக்கம் வேறு சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். இந்தப் பகுதியில் மேசை இல்லை, பேனா இல்லை, ஒருவனும் ஒரு வரியும் எழுதவில்லை. எழுதுகிறவனைப் பற்றி நான் பார்த்ததிலேயே துல்லியமான காட்சி இதுதான்.

கடைசியில் அந்தக் குரல் திரும்ப வருகிறது. மறுபடியும் 'இருப்பார்கள்', 'நடந்திருக்கும்'. யார் யாரோடு சேர்வார்கள், எங்கே சந்திப்பார்கள் என்று முன்பு போலவே மளமளவென்று சொல்கிறது. தொடக்கத்தில் அதே குரலில் தெரிந்தது திமிர். இப்போது அது கெஞ்சுவது போல எனக்குக் கேட்டது. இந்த இரண்டு குரலுக்கும் நடுவில்தான் வளர்ந்திருக்கிறார்கள். எந்தக் காட்சியில் வளர்ந்தார்கள் என்று கேட்டால் விரல் வைத்துக் காட்ட முடியாது. உங்கள் திரைக்கதையில் 'இங்கே நாயகன் பக்குவமடைகிறான்' என்று ஒரு காட்சிக்குத் தலைப்பு இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். அப்படி ஒரு நாள் யாருக்கும் வருவதில்லை. எனக்கும் என் நண்பனுக்கும் வரவில்லை. அவன் மூன்று நாவலோடு நிறுத்திவிட்டான், இப்போது மகளின் பள்ளிக்கூடக் கட்டுரைகளைத் திருத்துகிறான். சந்தேகம் வந்தால் எனக்குப் போன் போடுகிறான். 'இங்கே வலி மிகுமாடா?' என்பான். மிகும், மிகாது, அவ்வளவுதான் எங்கள் பேச்சு. போன மாதம் அவனிடம் இந்தப் படத்தைப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள், 'உன் உறை என்னுடையதைவிடக் கனமாக இருந்தது, ஞாபகம் இருக்கா?' என்று கேட்டான்.

நான் அதை யாரிடமும் சொன்னதில்லை. அவனும் அந்த எடைத் தட்டைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறான்.

படம் எடுங்கள். திரைக்கதையை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டாம், நான் ஒற்றுப்பிழையைத்தான் பார்ப்பேன். திரையில் பெயர் போடும்போது மட்டும் ஒருமுறை யாரிடமாவது காட்டிவிடுங்கள். அங்கே தப்பு இருந்தால் முன்வரிசையில் உட்கார்ந்து கத்துகிற ஆள் நான்தான்.

அன்புடன்,
ஒரு மெய்ப்புத் திருத்துநர்